லிஸ்பனுக்கு முதன்முறை செல்வோர்க்கு முன்னேஸ்வரத்திலிருந்து சில குறிப்புகள்

பாரிஸ் நகரில் வாழும் என் அக்காவின் மகன் சில வாரங்களுக்கு முன் தொலைபேசியில் அழைத்தான். "மாமா, பிள்ளைகளுக்கு லீவு. நாலு நாள் லிஸ்பனுக்குப் போறம். எல்லாருக்கும் முதல் தரம். எதைப் பார்க்க வேணும், எதை விடலாம் எண்டு சொல்லுங்கோ" என்றான். பத்திரிகையில் பணியாற்றிய காலத்தில் ஒருமுறை அந்த நகரில் நான்கு நாட்கள் தங்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்திருந்தது. அந்த நினைவில்தான் என்னிடம் கேட்டான். இரண்டு மணித்தியாலம் பேசியும் சொல்லி முடியவில்லை. மீதியை எழுதி அனுப்புவதாகச் சொன்னேன். அதுவே இக்கட்டுரை.

சுற்றுலா நூல்கள் லிஸ்பனை ஏழு குன்றுகளின் நகரம், மஞ்சள் நிற ட்ராம் வண்டிகளின் நகரம் என்று வர்ணிக்கும். அவையெல்லாம் உண்மையே. ஆனால் முன்னேஸ்வரத்தில் வேர் உள்ள ஒருவன் அந்த நகரை அவ்வளவோடு பார்த்துவிட்டுத் திரும்ப முடியாது. ஐரோப்பியப் பெருநிலத்தின் மேற்குக் கோடியிலுள்ள அந்தத் தலைநகருக்கும், சிலாபத்துக்குக் கிழக்கே தென்னந்தோப்புகளுக்கு நடுவிலிருக்கும் நமது சிவன் கோயிலுக்கும் ஒரு பழைய கணக்கு உண்டு. ஆகவே பயணப் பெட்டியைக் கட்டுமுன் அந்தக் கணக்கைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

புறப்படுமுன் அறிய வேண்டியது

போர்த்துக்கேயர் இலங்கைக் கரையில் முதன்முதல் இறங்கியது 1505ஆம் ஆண்டு. 1506 என்பாரும் உளர். 1518இல் கொழும்பில் கோட்டை கட்டினர். கோட்டை இராசதானியை ஆண்ட ஏழாம் புவனேகபாகு தன் பேரன் தர்மபாலனே தனக்குப்பின் அரசனாக வேண்டும் என்று விரும்பினான். அதற்குப் போர்த்துக்கல் மன்னனின் ஆதரவை நாடி, 1540களின் தொடக்கத்தில் சிறீ ராமரக்ஷ பண்டிதர் என்ற பிராமணரைத் தூதராக லிஸ்பனுக்கு அனுப்பினான். அவருடன் பேரனின் உருவச்சிலையும் போயிற்று. மூன்றாம் ஜோவாம் மன்னன் அச்சிலைக்கு முடி சூட்டினான். அந்தக் காட்சியைச் செதுக்கிய இலங்கைத் தந்தப் பேழையொன்று இன்று ஜெர்மனியின் மியூனிக் அரண்மனைக் கருவூலத்தில் இருக்கிறது.

சிலைக்கு முடி சூட்டியதோடு அது முடியவில்லை. அரியணை ஏறிய தர்மபாலன் 1557இல் ஞானஸ்நானம் பெற்று தொன் ஜோவாம் ஆனான். கோயில் நிலங்களைப் பிரான்சிஸ்கன் சபைத் துறவிகளுக்கு எழுதிக்கொடுத்தான். 1580இல் தன் நாட்டையே போர்த்துக்கல் முடிக்குச் சாசனம் செய்தான். இதற்கிடையில் 1578இல் முன்னேஸ்வரத்தின் மூலக்கோயிலைப் போர்த்துக்கேயர் இடித்தனர். பின்னர் கோயிலின் உடைமைகள் இயேசு சபையினரிடம் சென்றன. எஞ்சிய அத்திவாரத்தின் மேல் ஒரு சிற்றாலயம் எழுந்தது. ஆறாம் பராக்கிரமபாகு கிரந்த எழுத்தில் கல்வெட்டுப் பொறித்துப் போற்றிய கோயில் அது.

இடிக்கப்பட்ட கோயில் மீண்டும் மீண்டும் எழ முயன்றது. முழுமையாக எழுந்தது கண்டி மன்னன் கீர்த்தி சிறீ இராசசிங்கனின் காலத்தில், 1753இல். இந்த ஆண்டை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். லிஸ்பனில் மூன்றாம் நாள் இது தேவைப்படும்.

முதல் நாள்: பெலேம்

தேஜோ நதி கடலோடு கலக்கும் முகத்துவாரத்துக்கு அருகே உள்ளது பெலேம். கப்பல்கள் கீழைத்தேயத்துக்குப் புறப்பட்ட துறை இதுவே. ஆற்றோரத்தில் நிற்கும் வெண்ணிறக் கோபுரம் முதலாம் மனுவேல் மன்னனின் ஆணைப்படி 1510களில் கட்டப்பட்டது. எல்லோரும் அதன் முன் நின்று படம் எடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். நீங்கள் காவற்கூடு ஒன்றின் அடியைக் கவனியுங்கள். தேய்ந்துபோன காண்டாமிருகத் தலை ஒன்று தெரியும். குஜராத் சுல்தான் அளித்த அந்த விலங்கு 1515ஆம் ஆண்டு மே மாதம் லிஸ்பனில் வந்திறங்கியது. ஜெர்மானிய ஓவியர் டியூரர் அதை நேரில் காணாமலே வரைந்த படம்தான் உலகப் புகழ் பெற்றது. பாப்பரசருக்கு அன்பளிப்பாக அனுப்பப்பட்டபோது, அந்த விலங்கு இத்தாலியக் கரையருகே கப்பலோடு மூழ்கி இறந்தது. பிள்ளைகளுக்கு இக்கதை பிடிக்கும்.

அடுத்து ஜெரோனிமோஸ் மடாலயம். பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டத் தொடங்கினார்கள். கயிறும் பவளமும் கடற்செடியும் கல்லில் பின்னிக் கிடக்கும் அந்தத் தூண்களைக் கண்டு வியக்காதவர் இல்லை. நானும் வியந்தேன். ஆபிரிக்காவிலிருந்தும் கீழைத்தேயத்திலிருந்தும் வந்த பொருட்கள் மீது விதித்த, ஏறக்குறைய நூற்றுக்கு ஐந்து வரியிலிருந்தே அதற்குப் பணம் வந்தது என்பதையும் அறிந்துகொண்டேன். உள்ளே வாஸ்கோ ட காமாவின் கல்லறையும் கவிஞர் கமோயிஷின் கல்லறையும் இருக்கின்றன. கமோயிஷ் 1572இல் வெளியிட்ட 'லூசியாதாஸ்' காவியத்தின் முதற் செய்யுளிலேயே தப்ரோபனா என்ற நமது தீவின் பழம்பெயர் வருகிறது.

மடாலயத்துக்கு அருகே 1837 முதல் இயங்கும் ஒரு பலகாரக் கடை உண்டு. வரிசை நீளம், ஆனாலும் நில்லுங்கள். முட்டைப் பாலேடு நிறைத்த சிறு அப்பத்தின் மேல் கறுவாத்தூளைத் தூவி உண்பார்கள். இலங்கைக் கறுவாவுக்காகவே அவர்கள் நம் கரையில் ஒன்றரை நூற்றாண்டு நின்றார்கள். மேசையிலிருக்கும் அந்தத் தூளைப் பிள்ளைகளுக்குக் காட்டி இதைச் சொல்லுங்கள்.

ஆற்றோரத்தில் கப்பல் முகப்பைப் போல எழும் நினைவுச்சின்னம் 1940ஆம் ஆண்டுக் கண்காட்சிக்குத் தற்காலிகமாக அமைக்கப்பட்டு, 1960இல் நிலையாகக் கட்டப்பட்டது. முப்பத்து மூன்று உருவங்களில் புனித பிரான்சிஸ் சவேரியாரும் ஒருவர். அவர் அனுப்பிய குருவிடம் ஞானஸ்நானம் பெற்ற மன்னார் மக்களை 1544இல் யாழ்ப்பாண அரசன் சங்கிலி கொல்வித்தான் என்பதும் வரலாறே. நமது கணக்கைச் சொல்லும்போது அந்தப் பக்கத்தையும் விடக்கூடாது.

இரண்டாம் நாள்: குன்றின் மேல் பழைய நகரம்

சென் ஜோர்ஜ் கோட்டையிலிருந்து நகரைப் பாருங்கள். 1147இல் அபோன்சு என்ரிக்கஷ் மன்னன் சிலுவைப் போர்வீரர்களின் துணையோடு முஸ்லிம்களிடமிருந்து இந்நகரைக் கைப்பற்றினான். கீழே இறங்கினால் பேராலயம் வரும். நகரின் பெரிய பள்ளிவாசல் இருந்த இடத்திலேயே அது எழுந்தது. உள்முற்றத்தில் அகழ்ந்தபோது உரோமர் காலத்துச் சுவடுகளும் இஸ்லாமியர் காலத்துச் சுவர்களும் வெளிவந்தன. நம் ஊரில் கோயிலின் அத்திவாரத்தில் சிற்றாலயம் எழுந்த கதையை அறிந்த நான், அந்தக் குழியின் விளிம்பில் வெகுநேரம் நின்றேன். இங்கே 1578இல் செய்ததை அவர்கள் தம் தலைநகரிலேயே நான்கு நூற்றாண்டுகளுக்கு முன் செய்து பழகியிருந்தார்கள்.

கோட்டைக்குக் கீழே ஆல்பாமா என்ற குறுந்தெருக்களின் குடியிருப்பு. மாலையில் அங்கே பாது என்ற சோகப் பாடலைக் கேட்கலாம். 2011இல் யுனெஸ்கோவின் மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்த இசை அது. அதைக் கேட்டுவிட்டு ஊர் வரும்போது புத்தளத்துக்கு அருகிலுள்ள சிரம்பியடிக்கும் போக வேண்டும். போர்த்துக்கேயர் காலம் தொட்டு அடிமைகளாகவும் படைவீரராகவும் கொண்டுவரப்பட்ட ஆபிரிக்கரின் வழித்தோன்றல்கள் சில குடும்பங்கள் அங்கே வாழ்கின்றன. அவர்கள் பாடும் மஞ்சா பாடல்களின் சொற்கள் போர்த்துக்கேயம் மருவியவை. பாடும் இளையோர் பலருக்குப் பொருள் தெரியாது. ஒரு பேரரசு உலகச் சுற்றுலாவுக்கு ஒரு பாடலை விட்டுச் சென்றது. நமது மாவட்டத்துக் கிராமமொன்றில் இன்னொன்றை விட்டுச் சென்றது.

மூன்றாம் நாள்: 1755

ஆற்றங்கரையில் பரந்து கிடக்கும் வணிகச் சதுக்கத்தை ஊரவர் இன்றும் 'அரண்மனை முற்றம்' என்ற பழைய பெயரிலேயே அழைக்கின்றனர். அரண்மனை இல்லை. 1755 நவம்பர் 1ஆம் திகதி, சகல புனிதர் திருநாள் காலை, மக்கள் ஆலயங்களில் நிறைந்திருந்தபோது பூமி நடுங்கியது. கூரைகள் விழுந்தன. வெட்டவெளி நாடி ஆற்றங்கரைக்கு ஓடியவர்களைக் கடல் அலை வந்து விழுங்கியது. ஆலயங்களில் ஏற்றிய மெழுகுதிரிகளும் அடுப்புகளும் பற்றி, தீ நாட்கணக்கில் எரிந்தது. பல்லாயிரவர் மாண்டனர். அரண்மனையும் அதன் நூலகமும் கீழைத்தேய வணிகத்தின் ஆவணங்களும் அழிந்தன. இன்று நீங்கள் காணும் நேர்த்தெருக்கள் அமைச்சர் பொம்பாலின் தலைமையில் பின்னர் கட்டியவை.

அங்கிருந்து மேலேறிக் கார்மோ மடத்துக்குப் போங்கள். 1389இல் தோன்றிய அந்தக் கார்மேல் சபை ஆலயத்தின் கூரையை அவர்கள் மறுபடி முழுமையாகக் கட்டவில்லை. விலா எலும்புகள் போல் நிற்கும் வளைவுகளின் ஊடே வானம் தெரியும். நம் சிலாபத்துப் பேராலயமும் கார்மேல் மாதாவுக்கே உரியது. ஆகவே அந்தப் பெயர் எனக்கு அந்நியமாக இருக்கவில்லை.

நிற்க. 1753ஐ மனத்தில் வைக்கச் சொன்னேன் அல்லவா? முன்னேஸ்வரம் மீண்டும் எழுந்த இரண்டே ஆண்டுகளில் லிஸ்பன் வீழ்ந்தது. என் இளமைக் காலத்தில் இந்தப் பொருத்தம் என்னை மயக்கியது. முன்னைநாதர் கணக்குத் தீர்த்தார் என்ற பொருள்பட ஒரு கட்டுரை எழுதினேன். அச்சில் வந்தது. பலர் பாராட்டினர். அப்போது என்னோடு வேலை செய்த சிலாபத்துக் கத்தோலிக்க நண்பர் ஒருவர் மட்டும் எதுவும் சொல்லவில்லை. ஒரு வாரம் கழித்துத் தேநீர்க் கடையில் கேட்டார்: "அண்டைக்குக் காலையில பூசைக்குப் போன சின்னப் பிள்ளையள் உங்கட கோயிலை இடிச்சதுகளா?"

என்னிடம் பதில் இல்லை. இடித்தவர்கள் இறந்து ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் ஆகியிருந்தது. அந்தக் காலையில் விழுந்தவை ஆலயங்கள். இறந்தவர்கள் வழிபட வந்தவர்கள். நம் கோயிலுக்கு நடந்ததைத் தவறு என்று நான் சொல்வதற்குக் காரணம், வழிபடும் மக்களுக்கு அது இழைக்கப்பட்டது என்பதே. அதே துன்பம் வேறு ஊரில் நேர்ந்தபோது அதை நீதி என்று எழுதினேன் என்றால், என் முதல் வழக்கே தோற்றுப்போகிறது. ஐரோப்பாவிலும் அன்று பலர் அதைத் தெய்வத் தண்டனை என்றனர். பிரெஞ்சு அறிஞர் வோல்தேர் அதை மறுத்துக் கவிதையே எழுதினார். எனக்கு அதைப் புரியவைக்க வோல்தேர் தேவைப்படவில்லை. ஒரு தேநீர்க் கடைக் கேள்வி போதுமாக இருந்தது.

அன்று நான் மறந்த இன்னொன்றும் உண்டு. முன்னேஸ்வரத்தை எழுப்பிய கீர்த்தி சிறீ இராசசிங்கன் மதுரை நாயக்கர் வழியில் வந்தவன். அதே 1753இல்தான் சியாம் நாட்டிலிருந்து பிக்குகளை வரவழைத்து, பௌத்த உபசம்பதையையும் அவன் மீட்டான். சிவன் கோயில் எழுந்தது பழி வாங்குவதற்காக அன்று; பல சமயத்தாரை ஆண்ட ஓர் அரசனின் கடமையாகவே எழுந்தது. 1766 ஒப்பந்தத்தின்படி கரையோரம் முழுவதும் ஒல்லாந்தர் கைக்குப் போயிற்று. அரசன் போனபின்னும் கோயில் நின்றது. 1875இல் அதைப் புதுப்பித்தது மக்கள் கொடுத்த பணம்.

நான்காம் நாள்: நினைவும் ஏடும்

காலையில் சென் தொமிங்கோஸ் ஆலயத்துக்குப் போங்கள். 1959 தீயில் கருகிய தூண்களை அப்படியே விட்டிருக்கிறார்கள். 1506 ஏப்ரல் மாதம் இங்கே தொடங்கிய கலவரத்தில், கட்டாயமாக மதம் மாற்றப்பட்ட யூதர்கள் மூன்று நாட்கள் வேட்டையாடப்பட்டனர். ஆலயத்துக்கு வெளியே அவர்களுக்காக 2008இல் ஒரு நினைவுக்கல் வைத்தார்கள். ஐந்நூறு ஆண்டுகள் தாமதம்தான். ஆயினும் தன் தவறைத் தன் நகர நடுவில் எழுதி வைக்கும் துணிவு எல்லா நாடுகளுக்கும் வந்துவிடுவதில்லை. நாமும் நம் நாட்டை நினைத்துக்கொண்டே அந்தக் கல்லின் முன் நிற்கலாம்.

அடுத்து, பண்டைக் கலைகளுக்கான தேசிய அருங்காட்சியகம். அது இருக்கும் தெருவின் பெயர் ஜனெலாஷ் வெர்டெஷ். 'பச்சை ஜன்னல்கள்' என்று பொருள். ஆம், நமது ஜன்னல்தான். அலுமாரி, மேசை, சாவி, ஏலம், பீப்பாய், அன்னாசி, கொய்யா, பாண், சப்பாத்து, லேஞ்சி, பாதிரி எல்லாம் அந்த மொழி தந்தவை. லிஸ்பனின் கடைப் பெயர்ப்பலகைகளை வாசித்துச் செல்லும் இலங்கைத் தமிழன் பாதி வீட்டுக்குள் நடப்பவன் போல உணர்வான். அந்த அருங்காட்சியகத்தில் பெலேம் பொற்பேழை என்ற நற்கருணைப் பாத்திரம் இருக்கிறது. கிழக்காபிரிக்காவின் கில்வா அரசனிடம் வாஸ்கோ ட காமா வாங்கிய திறைப் பொன்னில் 1506இல் செய்தது. அழகையும் பாருங்கள், பொன் வந்த வழியையும் பாருங்கள்.

சுற்றுலாப் பயணிகள் எவரும் போகாத இடமொன்றையும் சொல்கிறேன். பல்கலைக்கழக வளாகத்தில் தொர்ரெ டோ தொம்போ என்ற தேசிய ஆவணக் காப்பகம் உள்ளது. பழைய கோட்டையின் கோபுரமொன்றில் இருந்ததால் அந்தப் பெயர். 1755இல் கோபுரம் சரிந்தது. ஆனால் ஏடுகளைப் பொறுப்பாளர்கள் இடிபாட்டிலிருந்து மீட்டனர். நம் ஊரில் காணிப் பதிவேட்டுக்குத் 'தோம்பு' என்று பெரியவர்கள் சொல்வார்களே, அந்தச் சொல் இதுதான். கோயில்களை இடித்தவர்களே கிராமம் கிராமமாக நிலத்தையும் வரியையும் எழுதி வைத்தார்கள். நம் கரையோரத்தின் பழைய ஊர்ப்பெயர்களைத் தேடுவோர் இன்று அந்தத் தோம்புகளையே நாட வேண்டியிருக்கிறது.

நேரம் இருந்தால் நகரின் வடபுறத்தில் லுமியார் பகுதியில், மகாத்மா காந்தியின் பெயர் தாங்கிய சாலையிலுள்ள இந்துக் கோயிலுக்கும் செல்லுங்கள். 1975இல் மொசாம்பிக் சுதந்திரம் பெற்றபின் அங்கிருந்து வந்து குடியேறிய குஜராத்தி மக்களே அதைப் பெரிதும் நடத்துகின்றனர். 1578இல் கோயிலை இடித்த அரசின் தலைநகரில் இன்று கோயில்மணி ஒலிக்கிறது. எந்த அரசும் அதைத் தடுக்கவில்லை.

சில நடைமுறைக் குறிப்புகள்

தெருக்கள் செங்குத்தானவை, வழுக்கும் சிறு கற்கள் பாவியவை. நல்ல சப்பாத்து அவசியம். பெலேம் மடாலயமும் அருங்காட்சியகங்கள் பலவும் திங்கட்கிழமை மூடியிருக்கும். பழைய கட்டடங்கள் திருத்த வேலைக்காகவும் அடைக்கப்படுவதுண்டு, முன்கூட்டியே விசாரியுங்கள். இருபத்தெட்டாம் இலக்க ட்ராமில் ஏறினால் பணப்பையைக் கவனம்.

இவ்வளவையும் பார்த்துவிட்டு ஆவணி மாதத்தில் ஊருக்கு வாருங்கள். முன்னேஸ்வரத் திருவிழா இருபத்தெட்டு நாட்கள் நடக்கும். உடப்பிலிருந்து தமிழர் வருவர். மருதங்குளத்துச் சிங்களவரும் விழாவில் பங்குகொள்வர். சிவன் கோயில், பிள்ளையார், ஐயனார், பத்திரகாளி என்று ஒரே வளவில் சந்நிதிகள். அருகே பௌத்த விகாரை. வருபவர்களில் பெரும்பாலோர் சிங்கள பௌத்தர்கள். வடிவாம்பிகை முன் யார் எந்த மொழியில் வேண்டுகிறார்கள் என்று நின்று கேளுங்கள். லிஸ்பன் பேராலயத்தின் முற்றத்தில் நான் கண்டது அடுக்கடுக்காய்ப் புதைந்த சமயங்களை. இங்கே அவை பக்கத்தில் பக்கத்தில், உயிரோடு இருக்கின்றன. அந்த அமைதியும் எப்போதும் எளிதாக இருந்ததில்லை. காளி கோயில் பலி பற்றி 2011இல் எழுந்த பிணக்கு ஊரையே உலுக்கியது.

இதை அனுப்பிய மறுநாள் மருமகன் மீண்டும் அழைத்தான். "மாமா, நீங்கள் எழுதினதை மூத்தவளுக்கு வாசிச்சுக் காட்டினன். அந்தக் கூரை இல்லாத கோயிலைத்தான் முதல்ல பாக்க வேணுமாம்" என்றான். அவளுக்குப் பத்து வயது. முன்னேஸ்வரத்தை இன்னும் கண்டதில்லை. வரும் திருவிழாவுக்குக் கூட்டிவருவதாகச் சொல்லியிருக்கிறான். கார்மோ மடத்தில் அவள் என்ன கண்டாள் என்று, நமது கோயில் வாசலில் வைத்து அவளிடம் கேட்க வேண்டும்.